சின்ன வெங்காயத்தோடு வந்த குளிர்

கரகம் இறங்கியபோது அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரி சத்யபாமா, பக்கத்து வீட்டு நூருன்னிசா, அவள் மகள் சாயிமா, வயது பதினான்கு, மாரியம்மன் கோயிலில் பூக்கட்டும் வேலம்மா, கரகம் சுமந்த மோகன், மேளக்காரர் இருவர். இடம் யாங்கோன், மிங்கலா தாங்ஞுன்ட், ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள சந்து. ஏப்ரல் மாதம், பகல் பதினொரு மணி, தெருவில் நாற்பது டிகிரி வெயில். முற்றத்தில் ஏழு பேருக்கும் பற்கள் தந்தியடித்தன.

அந்தக் குளிர் அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்தது. சத்யபாமாவின் அக்காள் மகன் பொன்னுத்துரை சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ராட்டர்டாம் துறைமுகத்துக் கடையொன்றில் வலைப்பையில் சின்ன வெங்காயம் தொங்குவதைக் கண்டு, சித்தியின் சாம்பார் ஞாபகத்தில் இரண்டு கிலோ வாங்கிவந்தான். பையின் மேல் பூப்படம் இருந்தது. அந்த ஊரில் எதன்மேலும் பூப்படம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டான். சத்யபாமா பத்து உரித்தாள். கண் கரிக்கவில்லை. கண் கரிக்காத வெங்காயத்தை அவள் குழம்பில் போடமாட்டாள். மொத்தத்தையும் முற்றத்து மூலையில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கடைக்குப் போய் நல்ல வெங்காயம் வாங்கிவந்தாள்.

பிப்ரவரியில் முளை வந்தது. புல்லைப் போல மெல்லிய இலை, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு தரையிலிருந்து நேராகப் பூக்கள் எழுந்தன. ஊதா, வெள்ளை, மஞ்சள், விரல் உயரம், வெயிலுக்கு விரிந்தன, மேகம் வந்தால் மூடிக்கொண்டன. தங்கள் ஊர்க் குளிரையும் அவை கூடவே கொண்டுவந்திருந்தன. எட்டடிக்கு ஐந்தடி, அதற்கு மேல் இல்லை. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் வியர்த்தது, அந்தப் பக்கம் மூச்சு புகைந்தது. முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்களும் வேலைக்குப் போகிறவர்களும் வழியில் நின்று பார்த்தார்கள், கொஞ்ச நேரம் கையை நீட்டிக் குளிர் வாங்கிக்கொண்டு போனார்கள். பொன்னுத்துரை போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "சித்தி, இது க்ரோக்கஸு. அங்க பனி உருகுறதுக்குள்ள பார்க்குப் புல்லுல, காட்டுலயெல்லாம் தானாக் கிளம்பிரும். சனம் நின்னு பாக்கும்" என்றான். "இங்கயும் நிக்குது. நீ வெங்காயம்னு வாங்குன கதையச் சொல்லித்தான் சிரிக்குது" என்றாள் சத்யபாமா.

நூருன்னிசா சிரிக்க வரவில்லை. அவள் வெப்பமானியோடு வந்தாள். சாயிமாவுக்கு ஒன்பது வயதிலிருந்து இன்சுலின். அது குளிரில் இருக்க வேண்டும். மின்சாரமோ நாளுக்கு நான்கைந்து மணி நேரம்தான். நூருன்னிசா தினமும் போட்டாதாங் மீன்துறைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்து மருந்தை வைத்திருந்தாள். முந்தைய கோடையில் ஒருநாள் ஐஸ் கிடைக்கவில்லை. மருந்து கெட்டது தெரியாமல் ஊசி போட்டு, பிள்ளை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தாள். வெப்பமானி பூக்களுக்கு நடுவே ஐந்து காட்டியது.

"அக்கா, ஒரு குப்பி வச்சுக்கட்டா?"

"ஒண்ணு என்ன, அஞ்சு வை. பூவ மிதிச்சுராத."

அப்படியே நடந்தது. மழை தொடங்கியதும் பூக்கள் மண்ணுக்குள் போயின. அணைகள் நிரம்பி மின்சாரம் வந்தது. அடுத்த பிப்ரவரியில் மறுபடி வந்தன, முன்னைவிட இரு மடங்காக. இரண்டு கோடைகள் சாயிமா ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. அவள் உயரமானாள், பர்மியப் பாட்டுகளைச் சத்தமாகப் பாடினாள், சத்யபாமாவைக் கிண்டல் செய்தாள். சத்யபாமாவுக்குப் பிள்ளை கிடையாது. மூன்றாம் வருடம் அவள் கோயிலுக்குப் போய், சாயிமாவைக் காப்பாற்றியதற்காக, இந்த வருடத்துப் பூ அத்தனையும் பூச்சொரிதலுக்கு உனக்கே என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டு வந்தாள். நன்றியில் யோசிக்காமல் சொன்ன வார்த்தை.

திருவிழாவின் முதல் நாள் முப்பது பூ பறித்து அனுப்பினாள். கோயிலில் விளக்குத் தேங்காயெண்ணெய் உறைந்து திரி அணைந்தது. முற்றத்தில் வெப்பமானி ஒன்பதுக்கு ஏறியது. பறித்த பூ தன் பங்குக் குளிரைத் தன்னோடு எடுத்துப்போகிறது என்று அப்போதுதான் விளங்கியது. எட்டுக்கு மேல் போனால் மருந்து நிற்காது.

நூருன்னிசா குப்பிகளை எடுத்துப் பாத்திரத்தில் அடுக்கினாள். "நேந்தது நேந்ததுதான்க்கா. நான் ஐஸுக்குப் போயிக்கிறேன்."

"ஐஸ் கிடைக்கலேன்னா?"

நூருன்னிசா பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். சத்யபாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. வேலம்மா பெரிய கூடையோடு வந்தபோது அவள் பூக்களின் ஓரத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பூவும் தரமுடியாது, சொன்ன வார்த்தையையும் மாற்றமுடியாது என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

வேலம்மா நாற்பது வருடமாகப் பூக்கட்டுகிறவள். எந்தப் பூவையும் எத்தனை முழம் வரும் என்றுதான் பார்ப்பாள். இவற்றையும் அப்படித்தான் பார்த்தாள். "காம்பே இல்ல. இத வச்சு எப்படிடி கட்டுறது?" என்றாள். பிறகு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "பூ ஆத்தாகிட்டப் போனா என்ன, ஆத்தா பூவுகிட்ட வந்தா என்ன? தெருத் தெருவா அலையுறவதானே. இந்தச் சந்துக்குள்ளயும் வரட்டும்."

"கோயில்காரங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கலேன்னா அவங்களே பூக்கட்டிக்கட்டும்."

ஒத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் கரகம் சந்துக்குள் திரும்பியது. மோகன் வெறும் மேலோடு வந்து, எல்லையைத் தாண்டியதும் "ஆத்தா!" என்று அலறியது பக்தியாலா குளிராலா என்று தெரியவில்லை. கரகத்தைப் பூக்களுக்கு நடுவே, குப்பிகள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு பூவும் நசுங்கவில்லை. சூடம் மூன்றாம் முறைதான் பற்றியது. மேளக்காரர்களுக்கு விரல் மரத்துத் தாளம் தப்பியது. நூருன்னிசா இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை எல்லோருக்கும் கொடுத்தாள். சாயிமா வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரத்தில் கரகம் கிளம்பியது. பறித்த முப்பதின் இடத்திலும் முப்பது மொட்டுகள் நின்றன.

"அஞ்சு" என்றாள் சாயிமா. "பெரியம்மா, இனி சாப்பிடுவீங்கள்ல?"

சத்யபாமா அவளை அணைத்து உச்சி முகர்ந்தாள். பின் உட்கார்ந்து ஒரு தட்டு சோற்றைக் காலி செய்தாள்.

மறு வருடமும் கரகம் வந்தது. இந்த வருடமும் வந்தது, மோகன் மேல் இரவல் சட்டையோடு. கோயில் அறிவிப்பில் இப்போது அந்தச் சந்தும் நேரமும் இருக்கின்றன. கீழே, போர்வை கொண்டுவரவும் என்று ஒரு வரி. கடைசியாகக் கிளம்புகிறவள் எப்போதும் வேலம்மா. பொன்னுத்துரையின் கப்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு பூக்களை ஒருமுறை பார்ப்பாள். "ஒண்ணே ஒண்ணு, தலைக்கு?" என்பாள்.

"போடி" என்று சத்யபாமா அவளை வெளியே தள்ளி, கதவைச் சாத்தி, பூட்டுவாள்.