உவெல்வாவின் கறுப்புச் சேறு

ஸ்பெயினின் உவெல்வா நகரின் நடுவே அடுக்குமாடி கட்டப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். நான் பொக்லைன் ஓட்டினேன். ஃபெர்மினுக்கு மோட்டார் வேலை. கடல் பக்கம் என்பதால் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் வெளியே கொட்டும் சேற்றைச் சலித்துப் பார்க்க பிலார் என்ற, டாக்டர் பட்டம் வாங்கிய தொல்லியல்காரி வந்திருந்தாள். பள்ளத்தில் இறங்க அவளுக்கு அனுமதி இல்லை. சட்டித் துண்டுகளும் தந்தச் சீவல்களும் வெள்ளி உருக்கிய கசடும் கிடைத்தன. லெபனான் கரையிலிருந்து பழங்கால வணிகர்களான பினீசியர்கள் கப்பலேறி வந்து இங்கே கடை போட்டது, புத்தகங்கள் சொல்வதைவிட நூறு வருஷமாவது முந்தி என்பாள்.

"டாக்டரம்மா, உங்க கப்பல்காரங்க தின்ன தட்டைக் கழுவாமலே போட்டுட்டுப் போயிட்டாங்க போல" என்று ஃபெர்மின் சீண்டுவான்.

"கழுவி எடுத்துட்டுப் போயிருந்தா எனக்கு ஏது வேலை? அண்ணே, அடியில கறுப்பா ஒரு அடுக்கு தெரியுது பாருங்க. பொக்லைன் அள்ளினா எல்லாம் கலந்துடுது. அதுல மட்டும் கையால ஒரு வாளி எடுத்துத் தருவீங்களா?"

"ஒரு வாளிதானே, தந்துட்டாப் போச்சு."

சாப்பாட்டு நேரத்தில் ஃபெர்மின் வாளியோடு இறங்கினான். நான் இயந்திரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். சப்பென்று ஒரு சத்தம். வடக்குப் பக்கச் சுவர் அப்படியே சரிந்திருந்தது. இயந்திரத்தை விட்டால் அவனை நறுக்கிவிடும் என்று கையாலேயே தோண்டினோம். பிலாரும் தோண்டினாள், நகம் பிய்ந்தது. சாயங்காலம் அவனையும் வாளியையும் வெளியே எடுத்தபோது அவன் வாய் நிறையச் சேறு.

"அவனா இறங்கினான்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் நல்லது" என்று பிலாரிடம் சொன்னார் கம்பெனி இன்ஜினியர்.

விசாரணையில் பிலார் சொன்னாள்: "நான்தான் இறங்கச் சொன்னேன். சுவருக்கு முட்டுக் கொடுக்கலைன்னு தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்."

கம்பெனி மீதும் வழக்கு விழுந்தது. பிலாரின் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

விசாரணை நடந்த இடத்து வாசலில் ஃபெர்மினின் மனைவி அமாலியா அவளை வழிமறித்தாள்.

"அந்த வாளியில நீ தேடினது கிடைச்சுதா?"

"நல்ல துண்டுங்க இருந்துச்சுக்கா. ஆனா சரிஞ்ச மண்ணும் அதுல கலந்துடுச்சு. எந்த அடுக்குன்னு சொல்ல முடியாது. ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"அப்ப எதுக்குடீ அவரை இறக்கினே?"

 

அடுத்த மாதம் பள்ளத்தில் கான்கிரீட் ஊற்றினார்கள். அதற்கு அடிமண்ணைச் சமன் செய்து கொடுத்தது நான்தான்.