உருகாமல் ஒட்டிய இருவர்

வெள்ளத்துரையின் இடது தோளும் அவன் மனைவி பேச்சிச்செல்வியின் வலது தோளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது சித்திரை பதினொன்று, மதியம் இரண்டேகால் மணிக்கு. அன்று முருங்கைக்காய் கிலோ எண்பது.

இருவருக்கும் மில்லர்புரம் தாண்டி ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கரண்டு கம்பத்தில் மாட்டும் பீங்கானை அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க நடுவே வெள்ளைப்பொடி தூவி, வண்டியோடு உள்ளே தள்ளுவார்கள். வீட்டில் பேச்சு நின்று நாலு வருஷம். அவளுக்கு ஏரலில் இட்லிக்கடை போட ஆசை; அவனுக்கு அவளில்லாத வீடு போதும். விவாகரத்துக்குத் திங்கட்கிழமை கோர்ட்டு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, வண்டி சூளை வாயில் சிக்கியது. வாய் குறுகல். தோளோடு தோள் நெருக்கி முட்டினார்கள். வண்டி உள்ளே போய்விட்டது; இருவரும் வாயிலேயே நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏளா, விலகு. மூஞ்சி வேகுது."

"நீரு முதல்ல விலகும்."

"நான் ஆம்பளைலா?"

"அதான் சொல்லுதேன், விலகும்."

மூன்று ஷிப்டு மாறியது. யாரும் விலகவில்லை. பிறகு விலக முடியவில்லை.

எஞ்சினியர் ஜெனிஸ் நாசரேத்துக்காரன், எதற்கும் விளக்கம் வைத்திருப்பவன். "உருகல அண்ணாச்சி. உருகுற சூடே வேண்டாம். பொடிப்பொடியா இருக்கது நெருக்கிக்கிட்டுச் சூட்டுல கிடந்தா, தொட்ட இடத்துல கழுத்து மாதிரி வளந்து சேந்துக்கிடும். இடையில உள்ள ஓட்டை அடையும். உருப்படி அஞ்சுல ஒரு பங்கு சுருங்கும்" என்றான். படித்தவன் சொல்லை அப்படியே நம்பக்கூடாதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்துரையின் வேட்டி தரையில் இழுபட்டது, பேச்சிச்செல்வியின் வளையல்கள் தானாகக் கழன்று விழுந்தன, இருவர் இடுப்புக்கும் நடுவே இருந்த சந்தும் அடைந்துபோனது.

நீதிபதி தள்ளி நிற்கச் சொன்னார். முடியவில்லை. தனித்தனியாக வந்தால்தான் தீர்ப்பு என்று பத்து நாள் தவணை கொடுத்தார். கம்பெனியில் பீங்கான் அறுக்கும் ராஜபாண்டி வைரப்பல் வாளோடு வந்தான். மூன்று வாள் மழுங்கியது.

"அண்ணாச்சி, வேற எங்கன வேணாலும் அறுக்கேன். ஒட்டுன இடந்தான் கெட்டி."

பேச்சிச்செல்வி எழுந்தாள். அவனும் எழவேண்டியதாயிற்று.

"நான் ஏரலுக்குக் கிளம்புதேன்."

"நான் வரமாட்டேன்."

"உம்ம யாரு கூப்பிட்டா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர் அவனுக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார், பெண்களுக்கு இலவசம். கடை இப்போது ஏரல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. அவன் வலது கை மாவு ஊற்றும், அவள் இடது கை சட்னி ஊற்றும். சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரே குறை, சட்னியில் உறைப்பு ஜாஸ்தி.