ஆராவமுதன் அடைத்த ஹூக்கா

1

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. அல்சூரிலிருந்து தமிழ் ஆண்டுமலர் கொண்டுவரும் நாணு, என் போன வருடக் கதையைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "உங்க கதை எல்லாத்துலயும் காபி வருது சார். இது ரெண்டாயிரத்து ஆறு. பெங்களூர்ல பசங்க ஹூக்கா குடிக்கிறாங்க. அத எழுதுங்க."

ஹூக்காவை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் உடனே ஒப்புக்கொண்டேன். தெரியாததை எழுதுவதற்கு இலக்கியத்தில் கற்பனை என்று மரியாதையான பெயர் இருக்கிறது. நாணுவின் ஒரே நிபந்தனை, காபி வரக்கூடாது.

2

முதல் தொடக்கம்: "புகை மெல்ல எழுந்து, இந்நகரத்தின் ஆன்மாவைப் போல..."

அடித்துவிட்டேன். நகரத்துக்கு ஆன்மா இருக்கிறதென்று எழுதினால் நாணு மகிழ்வார், வாசகர் பக்கத்தைப் புரட்டுவார்.

இரண்டாவது: "ஆராவமுதன் ஒரு கோழை." இது நிற்கட்டும்.

ஆராவமுதனுக்கு மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு, மென்பொருள் வேலை, அலர்மேல்மங்கை என்றொரு அம்மா. கூட வேலை செய்யும் அல்போன்சாவை மூன்று வருடமாகக் காதலிக்கிறான். இது லிங்கராஜபுரத்தில் அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மல்லேஸ்வரத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை அவளைப் பார்க்க வருகிறார். அதற்குள் அம்மாவிடம் பேசு, இல்லாவிட்டால் குவைத்துக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று அல்போன்சா கெடு வைத்துவிட்டாள். உன் அம்மாவுக்குப் பிடிக்காத காரியம் ஒன்றையாவது உன்னால் செய்ய முடியுமா என்றும் கேட்டுவிட்டாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவன் போய் ஹூக்கா வாங்கினான்.

[இதை யார் நம்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வாக்கியத்துக்குப் பயந்துகொண்டு வேறென்னென்னவோ சாகசம் செய்யும் ஆண்களை நீங்கள் சந்தித்ததே இல்லையென்றால், வாழ்த்துகள்.]

3

சிவாஜிநகர்க் கடையில், ஹூக்காவின் தலையில் உட்காரும் கிண்ணத்தை மட்டும் தனியாகப் பார்த்து எடுக்கச் சொன்னார்கள். புகையிலை இருக்குமிடம் அதுதான். அதன் மேலே கரி, அடியில் குழாய், அதற்கும் அடியில் தண்ணீர்க் குடுவை. பித்தளைக் கிண்ணம் சட்டென்று சூடேறிப் புகையிலையைத் தீய்த்துவிடும், மண் கிண்ணம் நிதானமாகச் சுடும் என்று கடைக்காரர் விளக்கினார். ஆராவமுதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், எதையும் கேட்கவில்லை. மண் கிண்ணத்தின் அடியிலிருந்த துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் தெரியாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த நிம்மதி அவனுக்கு. தினமும் காலையில் வீட்டில் பார்க்கிற துளைகள்தானே?

(எந்தப் பாத்திரத்தில் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.)

4

சனிக்கிழமை மத்தியானம். அம்மா மேல்கோட்டைக்குப் போயிருந்தாள், ஞாயிறு இரவுதான் வருவாள். அல்போன்சா கூடத்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் பேசிவிட்டாயா என்று அவள் கேட்டதற்கு, முதலில் இதைப் பார் என்று ஹூக்காவைக் காட்டினான்.

புகையிலையை விரலால் உதிர்த்து, கிண்ணத்தில் லேசாகத் தூவி, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். மேலே அலுமினியத் தாளை இழுத்துக் கட்டி, ஊசியால் குத்தி, கனிந்த கரியை ஓரமாக வைக்க வேண்டும். இதெல்லாம் நான் கதைக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டது. ஆராவமுதன் யாரையும் விசாரிக்கவில்லை. அடியில் துளையுள்ள பாத்திரத்தில் எதைப் போட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று அவன் கைக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவன் சமையலறைக்குப் போய்

சமையலறைக்குப் போய், அம்மாவின்

மன்னியுங்கள் நாணு. காபி பில்டர். அம்மாவின் காபி பில்டரிலிருந்து குடை மாதிரி இருக்கும் அந்த அமுக்கியை எடுத்துவந்தான். ஆப்பிள் மணக்கும் பிசுபிசுத்த புகையிலையின் மேல் வைத்து, டிகாஷன் கெட்டியாக இறங்க வேண்டும் என்பது போல அழுத்தினான். அளவு கச்சிதமாகப் பொருந்தியதில் அவனுக்குப் பெருமை வேறு.

மேலே தாளைக் கட்டிக் குத்தி, கரியை வைத்து இழுத்தான். கன்னம் குழிந்தது, விழி பிதுங்கியது. குடுவையில் ஒரு குமிழிகூட வரவில்லை.*

* ஹூக்கா பற்றிய கதையில் இதுவரை புகை வரவில்லை என்பது எனக்கும் தெரியும்.

அல்போன்சா கரியை எடுத்துவிட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த அமுக்கியைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்படிப் போட்டு அமுக்கி வெச்சா காத்து எப்படிப்பா போகும்?"

[பேராசிரியர்கள் இந்த வரியின் கீழே கோடு போட வேண்டாம். அவள் புகையிலையைத்தான் சொன்னாள்.]

கிண்ணத்தைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் உதிர்த்து, அவளே திரும்ப நிரப்பினாள். அவள் இழுத்ததும் குடுவை கொப்பளித்தது. கூடம் முழுக்க ஆப்பிள் வாசனை. பேசிவிட்டாயா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. ஆராவமுதனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

5

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அலர்மேல்மங்கை ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் வாதாடுவது கேட்டது. ஏன் ஒரு நாள் முன்னதாக வந்தாள்? எனக்கு முடிவு தேவைப்பட்டது, வரவழைத்தேன். அவள் வீட்டுக்குள் வந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே பில்டரைத் தேடுகிறவள்.

"அம்மா வந்துட்டா," என்றான் ஆராவமுதன். "பின்பக்கமாப் போயிடறியா?"

முடிவு அ: அல்போன்சா போகிறாள். அவன் அமுக்கியைத் தேய்த்துக் கழுவுகிறான். அம்மா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதோ ஆப்பிள் வாசனை என்கிறாள். புது சோப்பு என்கிறான். மறுநாள் குவைத்.

முடிவு ஆ: அவன் கதவைத் திறந்து, "அம்மா, இவ

எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன். அவன் வாயில் அதற்கு மேல் சொல் நிற்கவில்லை.

6

சரி, முடிவு அ போதும் என்று அல்போன்சாவைப் பின்கதவு வழியாக அனுப்பினேன். வரியை முடிப்பதற்குள் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன் சார்," என்றாள் என்னிடம். "கதவ அவன் தொறக்கட்டும்."

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இவன் உனக்கு வேண்டாம் பெண்ணே என்று சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் அவளுக்கு இவன்தான் வேண்டுமாம். அதை மாற்ற என் பேனாவுக்கு அதிகாரம் இல்லை.

அழைப்பு மணி அடிக்கிறது. ஆராவமுதன் அமுக்கியைக் கையில் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நிற்கிறான். நான் தள்ளிப் பார்த்துவிட்டேன், நகரவில்லை. உங்களுக்கு அவன்மேல் கொஞ்சமாவது நம்பிக்கை இருந்தால் நீங்கள் தள்ளிப் பாருங்கள். மணி மறுபடியும் அடிக்கிறது. அல்போன்சா எழுந்திருக்கவில்லை.