கூனிமலை முகட்டில் ஒரு தாம்பாளம்

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மலை ஏறிய ஆள் சிவகாசி வட்டாரத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று மணிகண்டராஜுக்குத் தோன்றியது. கூனிமலையின் பாதி ஏற்றத்தில், ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது. முதுகுப் பையில் பித்தளைத் தாம்பாளம், இரண்டு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை என்று எல்லாம் முறைப்படி இருந்தன. சுமக்கிற ஆளுக்குத்தான் முழங்கால் முறையாக இல்லை.

இத்தனைக்கும் காரணம் அவருடைய வாய்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் பலவேசமும் அவரும் பட்டாசுக் கம்பெனியைப் பாகம் பிரித்தார்கள். பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிள் பெயர் யாருக்கு என்கிற பேச்சு முற்றி, அண்ணன் வீட்டு வாசலில் நின்று பத்துப் பேர் கேட்க, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா எம்பேர மாத்திக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லித் தொலைத்திருந்தாலாவது கண்ணை மூடிக்கொண்டு போய் வந்திருக்கலாம். கோபத்தில் மனுஷனுக்கு அந்த விவரமெல்லாம் எங்கே இருக்கிறது?

இப்போது மகள் பிரீத்திகாவுக்குக் கல்யாணம். பெரியப்பா வந்து நிற்காமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். இந்தப் பிடிவாதம் யார் வழியில் வந்தது என்று மனைவி செல்லக்கனி வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

குலதெய்வத்துக்கு வைத்த கையோடு மூத்த பங்காளிக்கு வைக்க வேண்டும் என்பது முறை. மணிகண்டராஜ் வடக்கத்தி ஏஜெண்டுகளுக்கு வைத்தார், அட்டைப்பெட்டி சப்ளை செய்பவருக்கு வைத்தார், சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் முகம் தெரிந்த எல்லோருக்கும் வைத்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கூடப் பிறந்த அண்ணனுக்கு மட்டும் வைக்கவில்லை. போய், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டால்? அந்தப் பயத்தைச் சபதத்தின் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அப்போதுதான் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூனிமலைக்குப் போகிறார் என்று அண்ணனுடைய டிரைவர் சொல்லிக் கேள்விப்பட்டார். மணிகண்டராஜின் மூளை பளிச்சென்று வேலை செய்தது. மலைக்கு ஏது வாசப்படி? இந்த யோசனையைச் சொன்னதும் செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க போயி வச்சுட்டு வாங்க. நான் அடிவாரத்துல கார்லயே இருக்கேன். விழுந்தா ஆள் சொல்லி அனுப்ப ஒருத்தி வேணும்ல" என்றாள்.

வரும் வழியெல்லாம் அண்ணனை நினைத்துப் பொறாமையாக வேறு இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வாராவாரம் மலை ஏறுகிறாராம். உச்சிப் பாறையில் இடுப்பில் கை வைத்து நிற்கிற மாதிரி ஒரு படம் மணிகண்டராஜின் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குச் சளைக்கக் கூடாது என்றுதான் புது ஷூ வாங்கினார். அது முதல் ஏற்றத்திலேயே இரண்டு குதிகாலையும் தின்றுவிட்டது.

முகட்டை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கூனிமலையில் முகடு என்பது நடக்கிற இடம் இல்லை. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் கரடுமுரடாக ஒரு பாறை வரிசை. ஒரு பக்கம் வெம்பக்கோட்டை அணை தெரியும், மறுபக்கம் ஆலங்குளம் சிமெண்ட் ஆலை தெரியும் என்பார்கள். மணிகண்டராஜ் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, தன் கை விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஊர்ந்தார். ஒரு குரங்கு வந்து சம்பந்தி வீட்டார் உரிமையோடு பையில் கைவிட்டு வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு போனது. அதைத் தடுக்கப் போய் ஒரு தேங்காய் உருண்டது. அது விழுந்து விழுந்து போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தேங்காய்க்கே இவ்வளவு நேரம் என்றால் தன் எடைக்கு எவ்வளவு என்று யோசித்து, உடனே யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் பாறை அகன்று, ஒரு இச்சிமரம் நிழல் விரித்திருந்தது. நிழலில் வெள்ளைச் சட்டை. அண்ணனேதான். மணிகண்டராஜ் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "அண்ணே!" என்றார். பலவேசம் திரும்பிப் பார்த்தார். எழுந்தார். விறுவிறுவென்று முகட்டின் மேலேயே இன்னும் உயரத்துக்குப் போய்விட்டார்.

மணிகண்டராஜ் நின்ற இடத்திலேயே பாறையைப் பிடித்துக்கொண்டார். இதற்குத்தானே இத்தனை நாள் பயந்தோம்? மலை மேல்கூட முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாரே. திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். மணவறையில் உட்கார மாட்டேன் என்ற மகளின் முகம் கண்முன் வந்து நின்றது. போதாததற்கு, திரும்பிப் பார்த்தால் வந்த வழி போகிற வழியைவிடப் பயங்கரமாக இருந்தது. வைராக்கியம் பாதி, வேறு வழியில்லாமை பாதியாக மேலே ஊர்ந்தார்.

முகடு மிகவும் ஒடுங்கிய இடத்தில் அண்ணன் இருந்தார். இடுப்பில் கை வைத்து நிற்கவில்லை. பாறையின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

"கிட்ட வராதலே. ஆடுது."

"மலையாண்ணே?"

"நான்."

மூன்று வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் தம்பி பேசிய முதல் பேச்சு அது. மணிகண்டராஜ் அங்கேயே குந்தினார். வாராவாரம் ஏறுகிற ஆளுக்கு என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டார். இச்சிமர நிழல் வரைக்கும்தான் வருவது வழக்கம், பேப்பர் படித்துவிட்டு இறங்கிவிடுவேன், உன்னைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் ஓடி வந்துவிட்டேன் என்றார் பலவேசம், கண்ணைத் திறக்காமலே.

மணிகண்டராஜ் பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்துப் பாறை மேல் வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. மிஞ்சிய ஒற்றைத் தேங்காயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பத்திரிகையை நீட்டினார். பலவேசம் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பத்திரிகையைத் தொடவில்லை.

"மாப்பிள்ள வீடு பேசி முடிச்ச சேதி வந்ததுமே நீ பத்திரிக வைக்க வருவேன்னு ஞாயித்துக்கெளம சட்டையப் போட்டு வீட்டுலயே உக்காந்துட்டேம்லே. உம் மதினி பட்டுச்சேல கட்டிக்கிட்டு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தா. நீ வரல. அடுத்த வாரமும் வரல. அதுக்கு மேல அவ மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் இங்கன வந்து உக்காந்துக்கிடுதேன்."

மணிகண்டராஜுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு தெரு நடந்தால் முடிகிற காரியத்துக்கு, குதிகாலைக் கிழித்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறோமே, நம்மைப் போல ஒரு மடையன் உண்டா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அண்ணன் மேல் அத்தனை பாசமாகவும் இருந்தது. "தப்புத்தாம்ணே. இப்ப வாங்கிக்கிடுங்க" என்றார்.

"மொறையா இது? செல்லக்கனி இல்ல, உம் மதினி இல்ல, பழமும் இல்ல. வீட்டுல வந்து வையி. நான் முன்னால போயி உள்ள உக்காந்துக்கிடுதேன். நீ பின்னால வா."

அதற்கு முதலில் இறங்க வேண்டுமே. யார் முன்னால் போவது என்று கொஞ்ச நேரம் மரியாதை பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பயம் என்பதுதான் நிஜம். கடைசியில் தம்பி முன்னால், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பின்னால் என்று, இரண்டு பட்டாசு முதலாளிகளும் உட்கார்ந்தபடியே முகடு முழுக்கச் சறுக்கி வந்தார்கள். அடிவாரத்தில் இரண்டு பேண்ட்டின் பின்புறத்தையும் பார்த்துவிட்டு, செல்லக்கனி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் புதுப் பழமும் புதுத் தேங்காயுமாக, வேட்டி மாற்றிக்கொண்டு, மனைவியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார் மணிகண்டராஜ். மலையையே ஏறி இறங்கியவருக்கு அந்த ஒரு ஜாண் படி ஏற முடியாத உயரமாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து மதினி சொர்ணலட்சுமி பட்டுச்சேலையில் ஓடி வந்து, "தம்பி, உள்ள வாங்க" என்றாள். மணிகண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டு படியை மிதித்து ஏறினார்.

பலவேசம் சலவைச் சட்டையில், முழங்கையில் மருந்துத் துணியோடு நாற்காலியில் இருந்தார். மலையில் எதுவுமே நடக்காததுபோல, "வாங்க, வாங்க" என்று எழுந்தார். தம்பியும் செல்லக்கனியும் சேர்ந்து தாம்பாளத்தை நீட்டினார்கள். குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்றார் மணிகண்டராஜ்.

பலவேசம் தாம்பாளத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வெளியாள் வீட்டில் கேட்பதுபோலத் தணிந்த குரலில், "கல்யாணத்துக்கு முந்துன நாளே வந்துரட்டுமாலே?" என்று கேட்டார்.

அண்ணன் எதற்கும் தன்னிடம் அனுமதி கேட்டு மணிகண்டராஜ் பார்த்ததில்லை. அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.