சோடா கலக்காத ஊசி

நான் பல் டாக்டர். என் மனைவியும் பல் டாக்டர். ஒரே கிளினிக்கில் பக்கத்துப் பக்கத்து அறை. என் அறைக்கு வெளியே நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அவள் அறைக்கு வெளியே உட்கார இடமில்லாமல் நிற்பார்கள். காரணம் எனக்குத் தெரியும். மரத்துப்போகப் போடும் ஊசி மருந்தில் அவள் துளி சோடா உப்புக் கரைசல் கலப்பாள். மருந்தின் அமிலம் தணிந்து, ஏறும்போது எரியாது.

"ஊசி போடுறியா, சோடா கடை வச்சிருக்கியா?" என்று நக்கலடிப்பேன்.

போன வாரம், தனியாகக் கிளினிக் வைக்க இடம் பார்த்திருப்பதாகச் சொன்னாள். தையத்தக்கா என்று குதித்தேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்த நேரம் பார்த்துத்தானா என் கடைவாய்ப்பல் வலிக்க வேண்டும்? வீராப்பாகத் தாங்கிப் பார்த்தேன். முடியாமல், கடைசியில் அவள் நாற்காலியிலேயே போய் வாயைப் பிளந்தேன்.

ஊசி ஏறியது. கண்ணில் பூச்சி பறந்தது.

"எரியுதே! சோடா கலக்கலையா?"

"உங்களுக்குத்தான் சோடா கடை ஆகாதே."

பதில் தேடுவதற்குள் நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டது. வேர்த்துக் கொட்டியது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நெஞ்சு என்னமோ பண்ணுதும்மா. நான் போறதுக்குள்ள சொல்லிடறேன். எல்லாரும் உன்னைப் பாக்கத்தான் வராங்க. நீ போயிட்டா இங்க ஈ, காக்கா எட்டிப் பாக்காது. அந்த பயத்துலதான் கத்துனேன். நீ தனியா வை. போர்டைப் பெருசா வை."

நாடி பார்த்தாள். பதறவே இல்லை.

"மருந்துல அட்ரினலின் சேர்த்திருக்கு. ரத்தம் கம்மியா வரும், ரொம்ப நேரம் மரத்தே இருக்கும், கொஞ்சம் படபடன்னு வரும், பயப்படாதீங்க. இது யாரோட வசனம்?"

என்னுடையதுதான். தினமும் நோயாளிகளிடம் ஒப்பிப்பது. அதையும் மீறிப் பயப்படுகிறவர்களைப் பற்றி வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தவனும் நான்தான்.

படபடப்பு அடங்கியது. பல்லைப் பிடுங்கினாள், வலிக்கவே இல்லை. பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

"அப்ப பேசுனது மருந்தா, நீங்களா? இடத்துக்காரருக்கு நான் இன்னைக்கு பதில் சொல்லணும்."

மருந்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நழுவ அருமையான வாய்ப்பு. உதடு மரத்து, எச்சில் வழிய, பஞ்சுக்கு நடுவே "நாந்தான்" என்றேன். பாதிதான் வெளியே வந்தது. அவளுக்கு அது போதும். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நாளைக்கு சோடா எவ்வளவு கலக்கணும்னு காட்டறேன். நான் போனப்புறம் இங்க யார் கலப்பாங்க?"

தலையாட்டினேன். அவள் போகத்தான் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. இந்தத் தடவை மருந்தைக் குறை சொல்ல வழியில்லை.