ஊருக்கு நடுவே ஓர் அறை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் வடக்குப் பக்கம், வெளிச்சம் இடது தோள் வழியாக விழும்படி வீட்டுக்காரர். நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவர். தெருவில் அவருக்கு ஸ்கேல்காரர் என்று பெயர். எதிரே அவர் மனைவி. கிழக்கே அவளுடைய தம்பி, லாரி ஓட்டுபவன். ஜன்னலோரம் முக்காலியில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, ஸ்கேல்காரரின் பயணச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மேற்கே இருந்த நாற்காலி மகளுடையது. மூன்று வருடமாக அதில் யாரும் உட்காருவதில்லை. அன்று தம்பியின் பை உட்கார்ந்திருந்தது.

பேச்சு இதுதான்: மாநகரத்தில் நான்கு நாள் விடுமுறைக்கு எங்கே தங்குவது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் கணவனும் மனைவியும் ஊர் சுற்றக் கிளம்புவது இதுதான் முதல் தடவை. "லீவு வீணாப் போகுது" என்று போன மாதம் திடீரென்று அவரே ஆரம்பித்தார். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யாராவது விசாரணை நடத்துவார்களா?

மகள் அந்த மாநகரத்தில்தான் இருந்தாள். அப்பா தன் அலுவலகத்தில், தன் மேசைக்குப் பக்கத்து மேசையில் அவளுக்கு வேலை ஏற்பாடு செய்து வைத்திருந்தபோது, கேக் செய்யப் பழகப் போகிறேன் என்று கிளம்பிப் போனவள். "நீ போற இடம் என் படத்துலயே கிடையாது" என்றார் ஸ்கேல்காரர். மற்றவர்கள் கோபத்தில் பத்து வார்த்தை கொட்டி ஒன்பதைத் திரும்ப அள்ளிக்கொள்வார்கள். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்; அதை அழிக்க அவரிடம் ரப்பர் இல்லை.

அதன்பிறகு மகளின் கடிதங்கள் தையல்காரம்மா வீட்டு விலாசத்துக்கு வந்தன. கடைசிக் கடிதம் மனைவியின் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. 'அந்த வாரம் கல்யாண ஆர்டர் நிறைய. லீவு கிடைக்காதும்மா. ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. பக்கத்துல தங்கினா ஓடி வந்துடுவேன்.'

"அத்தான், நான் சொல்றதைக் கேளுங்க" என்றான் தம்பி. "பைபாஸ்ல ஒரு லாட்ஜ். வெந்நீர் உண்டு, காலைச் சாப்பாடு வாடகையிலேயே அடக்கம். ஊருக்குள்ள குடுக்கறதுல பாதிதான்."

"பைபாஸ்ல படுத்து எந்திரிக்க எதுக்கு மாப்ளே மாநகரம்? உன் லாரியிலயே படுத்துக்கலாமே."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

மனைவி குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள். "ஏங்க, மணிக்கூண்டுக்கு எதிர்ல ஒண்ணு இருக்கே. வாடகையும் நமக்குக் கட்டுப்படியாகும். எங்க போறதுன்னாலும் நடந்தே போயிடலாம்."

மணிக்கூண்டிலிருந்து மகளின் பேக்கரிக்குப் பன்னிரண்டு நிமிட நடை. வரப் போக இருபத்துநாலு. மிச்சம் ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் முகத்தைப் பார்ப்பதா, பேசுவதா, சாப்பிட வைப்பதா என்று ஒரு வாரமாக அவள் மனசுக்குள் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். முகம் பார்க்க இரண்டு நிமிடம் போதுமா? போதாது. பேச்சிலிருந்து ஒன்றை எடுத்து முகத்துக்குக் கொடுத்தாள்.

ஸ்கேல்காரர் விடுதிகளை வரிசையாக எழுதிவைத்திருந்த தன் பட்டியலில் மணிக்கூண்டு விடுதியின்மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"இது நடுவுல இல்ல."

"மணிக்கூண்டைவிட நடு எது அத்தான்? ஊரே அதைச் சுத்தித்தான் இருக்கு."

"ஊருக்கு அது நடு" என்றார். பிறகு பட்டியலின் கடைசி வரியைத் தொட்டார். "இதுதான் சரி."

தம்பி எட்டிப் பார்த்தான். "இதா? சந்துக்குள்ள இருக்கே. மூணு மாடி, லிஃப்ட் இல்ல. ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவர். அக்கா முழங்கால் என்ன ஆகும்?"

"கீழ் மாடியில இடம் கேட்டு எழுதறேன்."

அவளுக்குக் கையிலிருந்த ஆறு நிமிடமும் நழுவிப் போனது போல இருந்தது. அந்தச் சந்து எங்கே இருக்கிறதோ, எத்தனை பஸ் மாற வேண்டுமோ. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டின கதை.

அவர் கடிதத்தாள் எடுக்க உள்ளே போனார். அவள் மேசைமேல் கிடந்த நகர வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது, கவராயத்தில் போட்டது. வட்டத்துக்கு உள்ளே, மூன்றாம் குறுக்குத் தெருவின் முனையில், அந்தச் சந்து விடுதிக்கு ஒரு புள்ளி. கவராயத்தின் ஊசி குத்திய துளையை அவள் தேடினாள். அது மணிக்கூண்டில் இல்லை. அதே மூன்றாம் குறுக்குத் தெருவில், விடுதியிலிருந்து ஒரு நகம் அளவு தள்ளி இருந்தது. மகளின் பேக்கரி இருக்கும் தெரு; அவளுடைய எல்லாக் கடிதத்திலும் அனுப்புநர் இடத்தில் எழுதியிருக்கும் தெரு. துளைக்குப் பக்கத்தில் எறும்பெழுத்தில் அவர் கையால்: '1.00 – 1.30. நடை 2 நிமி.'

அவள் வரைபடத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். துளை வழியாக ஒரு பொட்டு வெயில் தெரிந்தது.

மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள். தையல்காரம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

"நீங்களா?"

"கேட்டாரு, குடுத்தேன்" என்றாள் தையல்காரம்மா. "ஒவ்வொரு கடுதாசியும் உங்களுக்கு முன்னாடி அவருக்குத்தான். படிச்சிட்டு மடிப்புக் கலையாம திருப்பித் தருவாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நீங்களும் அவருகிட்ட சொல்லக் கூடாதுன்னீங்க. நான் யாருக்குத்தான் நல்லவளா இருக்கறது?"

தம்பி எதுவும் புரியாமல் இருவரையும் பார்த்தான். பிறகு வரைபடத்தைப் பார்த்தான். பிறகு மேற்கு நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஸ்கேல்காரர் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். வரைபடம் திரும்பிக் கிடந்ததைப் பார்த்தார். அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

"போன்ல சொல்லிடுங்களேன் அத்தான்" என்றான் தம்பி, குரல் கொஞ்சம் இறங்கி.

"போன்ல சொன்னது காத்தோட போயிடும். எழுத்துல இருந்தா லாட்ஜ்காரன் மறுக்க முடியாது."

அவர் வழக்கம்போல ஓரத்தில் இடம் விட்டு, வரிசை எண் போட்டு எழுதினார். முடித்ததும் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"தப்பு இருக்கா பாரு."

'1. தேதி மேலே குறித்தபடி நான்கு நாட்கள். 2. கீழ் மாடியில் அறை இருந்தால் உத்தமம். என் மனைவிக்கு முழங்கால் வலி. 3. ஜன்னலிலிருந்து தெரு தெரியாவிட்டாலும் பாதகமில்லை. 4. தங்குபவர்கள் இருவர். 5. அறையில் நாற்காலிகள் மூன்று போட்டுவைக்கவும்.'

ஐந்தாவது வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். இருபத்தாறு நிமிடம். முகத்துக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு என்று இனிப் பிரிக்க வேண்டாம். அவரும் மூன்று வருடமாக இப்படித்தான் ராத்திரிகளில் புரண்டு படுத்தாரா?

"தப்பு இல்ல" என்றாள்.

"எழுதினதுல ஏதாவது விட்டுப் போச்சா?"

அவள் யோசித்தாள். "குடிக்கத் தண்ணி. ஓடி வந்தா தாகமா இருக்கும்."

அவர் பேனாவைத் திறந்து '6' என்று போட்டு அதையும் எழுதினார். எழுதிய மை காயும்வரை இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்து, பசை தடவி, மடிப்பின்மேல் ஸ்கேலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி இழுத்தார். தம்பி கை நீட்டினான். அவள் உறையைத் தானே எடுத்துக்கொண்டாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருமுனைவரை நடந்து போய், தபால் பெட்டிக்குள் உறையை விட்டு, அது அடியில் விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றாள்.