சந்திரகலா வீட்டு மாடிப் பெட்டி

"வெட்டுய்யா. உன் நெட்டும் வேணாம், உன் ஒயரும் வேணாம். இப்பவே என் கண்ணு முன்னால வெட்டிட்டுப் போ."

"வெட்டறேன்க்கா. ஆனா நாளைக்கு குமரேசா குமரேசான்னு போன் வரக்கூடாது."

"உனக்கு போன் பண்றதுக்கு பதிலா நான் மலையை அங்கப்பிரதட்சணமே பண்ணிடுவேன்."

கேட்டுக்கு உள்ளே சத்துணவு அமைப்பாளர் சந்திரகலா. வெளியே ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே குமரேசன். கிரிவல மலைக்குப் பக்கத்து வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு கேபிளும் நெட்டும் அவர்தான். நாங்கள் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கே மறுபடியும் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். சந்திரகலாவின் மகள் வினோதினிக்கு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நெல் மண்டி வைத்திருக்கும் குடும்பம். கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், போகிற வழியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் இறங்கி விசாரித்தார். எங்கள் பக்கம் பெண்ணைப் பற்றி விசாரிக்க முன்பெல்லாம் மளிகைக்கடைக்குப் போவார்கள். இப்போது கேபிள்காரரிடம் போகிறார்கள். எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிறவர் அவர்தானே.

குமரேசன் பெண்ணைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "பொண்ணு தங்கம்ங்க. என்ன, ராத்திரி பத்து மணிக்கு மேலதான் அவங்க வீட்டுல நெட்டு ஜாஸ்தி ஓடுது" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு சிரித்தாராம். தாய்மாமன் அதற்கு மேல் கேட்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பதிலும் வரவில்லை. தரகர் வந்து காரணத்தைச் சொன்ன அன்றுதான் இந்தச் சண்டை.

ராத்திரி நெட்டு ஓடியது உண்மை. வினோதினி வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. பயிற்சிக் காலம் முடிய இன்னும் சில நாட்கள்தான் பாக்கி. அதற்குள் ஒருநாள் லைனில் ஆளைக் காணவில்லை என்றாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே வீட்டில்தானே இருக்கிறாள், எங்கே அனுப்புவது என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

குமரேசன் ஏணியைப் போட்டு, கட்டிங் பிளேயரை எடுத்து, சந்திரகலா வீட்டு ஒயரை நறுக்கென்று வெட்டினார். இறங்கும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி.

"புது நெட்டு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கீங்களாக்கா? போடுங்க போடுங்க. நாளைக்குப் பௌர்ணமி. எப்படி வர்றானுங்கன்னு பார்க்கறேன்."

அப்போதுதான் சந்திரகலாவுக்கு உறைத்தது. பௌர்ணமிக்கு ரோட்டையெல்லாம் அடைத்துவிடுவார்கள், ஏணியோடு ஒரு வண்டி உள்ளே வர முடியாது. கிரிவலக் கூட்டத்தில் செல்போன் டவர் மூச்சுத் திணறும், ஒரு குட்மார்னிங் படம்கூடப் போகாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பொம்பளைக்கு ஆத்திரத்தில் பௌர்ணமி மறந்துவிட்டது.

வினோதினி வாசலுக்கு வந்து தொங்குகிற ஒயரைப் பார்த்தாள்.

"புதுசு வந்த பிறகு பழசை வெட்டச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? மாத்துப் பொடவை எடுக்காம யாராவது ஏரியில இறங்குவாங்களா?"

"உன் மானத்துக்காகத்தாண்டி."

"மானம் இருக்கட்டும். இன்னைக்கு வேலைக்கு என்ன பண்றது?"

சந்திரகலா மொட்டைமாடிக்கு ஏறினார். மாடிச் சுவரில் குமரேசனின் பெட்டி ஒன்று உண்டு. தெரு முழுக்க அதிலிருந்துதான் லைன் பிரிகிறது. அதற்கு கரண்ட் சந்திரகலா வீட்டிலிருந்து. பதிலுக்கு அவர் மாசாமாசம் கட்டுகிற கேபிள் பணத்தில் கொஞ்சம் கம்மி. கேபிள்காரர்கள் எல்லா தெருவிலும் இப்படி ஒரு வீட்டைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஒயரை வெட்டிய சந்தோஷத்தில் குமரேசனுக்கு அந்த வீடு இந்த வீடுதான் என்பது நினைவில்லை.

சந்திரகலா சுவிட்சை அணைத்தார்.

பத்து நிமிஷத்தில் தெரு முழுக்க வாசலில் நின்றது. மாடி அறைகளைக் கிரிவலக்காரர்களுக்கு விடுகிற ஆதிமூலம்தான் முதலில் கத்தினார். அவரிடம் தங்குகிற ஆந்திராக்காரர்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்பதற்கு முன் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்கிறவர்கள். பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். குமரேசனின் போன் ஓயவில்லை. மத்தியானத்துக்குள் ஸ்கூட்டர் மறுபடியும் வந்தது. இந்த முறை இறங்கினார்.

"அக்கா, அந்த சுவிட்சைக் கொஞ்சம் போடுங்க."

"எந்த சுவிட்சு?"

"மாடியில, பெட்டி சுவிட்சு."

"எனக்கும் உனக்கும்தான் கனெக்‌ஷன் இல்லையே. என் கரண்ட்டு உனக்கு எதுக்கு?"

"தெரு ஜனங்க பாவம்க்கா."

"என் பொண்ணு பாவமா இல்லையா?"

குமரேசன் எங்களைப் பார்த்தார். நாங்கள் செடிகளைப் பார்த்தோம்.

சந்திரகலா கேட்டது அதிகமில்லை. முதலில் வெட்டிய ஒயரை ஒட்ட வேண்டும். பிறகு நெட்டு இல்லை, சரியாகிவிட்டது என்று குமரேசன் அறிவிக்கிற வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, ஊரில் பாதி அதில்தான் இருக்கிறது, அதில் அவர் வாயாலேயே நடந்ததைப் பேசிப் போட வேண்டும். கீழ்பென்னாத்தூர் தாய்மாமனுக்கும் அதையே அனுப்ப வேண்டும்.

"அந்த மாப்பிள்ளை எனக்கு வேணாம்மா" என்றாள் வினோதினி.

"உனக்கு வேணாம். எனக்கு வேணும், அந்தத் தாய்மாமன் காது."

குமரேசன் ஒயரை ஒட்டினார். சுவிட்சில் விரலை வைத்தபடி சந்திரகலா மாடியில் நின்றார். அவர் பக்கத்திலேயே குமரேசன் போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு பேசினார்:

"எல்லாருக்கும் வணக்கம். சந்திரகலா அக்கா பொண்ணு வினோதினி நைட்டு ஷிப்ட்ல வேலை பார்க்குது. அதனாலதான் நெட்டு ஓடுது. நான் தப்பா பேசிட்டேன்."

"யார்கிட்டன்னு சொல்லு."

"கீழ்பென்னாத்தூர்காரங்ககிட்ட."

"சிரிச்சதையும் சொல்லு."

அதையும் சொன்னார். சந்திரகலா சுவிட்சைப் போட்டார், லைன் வந்தது, குரல் குரூப்புக்கும் தாய்மாமனுக்கும் போனது. குமரேசன் போனில் இரண்டு டிக்கும் வரும்வரை சந்திரகலா விரலை எடுக்கவில்லை. அன்று வினோதினி நேரத்துக்கு வேலையில் உட்கார்ந்தாள்.

ஆனால் அந்தக் குரல் குமரேசனுக்கு வேறு வினையைக் கொண்டுவந்தது. எந்த வீட்டில் எத்தனை மணிக்கு நெட்டு ஓடுகிறது என்பது இவருக்குத் தெரியும் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தோம். பௌர்ணமி கழிந்து புது கம்பெனி ஆட்கள் சந்திரகலா வீட்டுக்கு ஏணியோடு வந்தபோது தெருவே அவர்களைச் சுற்றி நின்றது. முதல் ஆளாக மாறியவர் ஆதிமூலம். ஏன் அவ்வளவு அவசரம் என்று அவர் வீட்டம்மா உட்பட யாரும் கேட்கவில்லை. குமரேசன் தன் பெட்டியைக் கழற்ற வந்த அன்று சந்திரகலா அவருக்கு மோர் கொடுத்தார். அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

வினோதினிக்கு வேலை உறுதியானது. கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை அவலூர்பேட்டையில் பெண் எடுத்தார். குமரேசன் மிச்சமிருந்த கனெக்‌ஷன்களை யாருக்கோ விற்றுவிட்டு, மாமனார் ஊரான போளூருக்குப் போய் உரக்கடை வைத்திருக்கிறார். வினோதினி தை மாதம் கல்யாணமாகி காட்பாடிக்குப் போனாள். மாப்பிள்ளை பெயர் வளவன். நல்ல பையன், கை நிறையச் சம்பளம். ஆள்தான் கொஞ்சம் குள்ளம்.